பட்டறைக்காரி செய்த ஸ்டூல்

வீட்டில் மரப்பட்டறை வைக்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ரம்பமும் இல்லை, உளியும் இல்லை; ஒரு பூட்டு. இதைப் பட்டறைக்காரிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பூட்டு மாட்ட அங்கே ஒரு கதவு இருந்திருக்க வேண்டுமே. வீட்டின் பின்பக்கம், ஒரு காலத்தில் துணி துவைத்த இடத்துக்கு மேலே தகரம் போட்டு, ஓரமாக ஒரு மேஜையை இழுத்துப் போட்டு, அதைத்தான் அவள் பட்டறை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவைத் திறந்தால் பட்டறை. பட்டறையைத் தாண்டினால் துணி காயப்போடும் கொடி. வீட்டில் யாருக்கு என்ன வேலை வந்தாலும் அவளுடைய மேஜையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். போகிறவர்கள் கையில் இருப்பதை அதன்மேல் வைக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

அன்று காலையும் அப்படித்தான். ஒரு நாற்காலியின் கைப்பிடியை ஒட்டலாம் என்று வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, மேஜைமேல் ஒரு வாளி நிறைய ஈரத்துணி. பக்கத்தில் ஒரு குடை, பழுதான இஸ்திரிப் பெட்டி, பாதி உரித்த வெங்காயம். வாளியிலிருந்து கசிந்த தண்ணீரில், அவள் பாடுபட்டு இழைத்து வைத்திருந்த பலகையின் ஓரம் கறுத்துப் போயிருந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய நல்ல உளி, கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றி வைத்த உளி, பெயின்ட் டப்பாவின் மூடியில் குத்திக்கொண்டு நின்றது.

"என்னங்க! இந்த உளிய யாரு எடுத்தது?"

கொடிப் பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தோளில் ஈரச்சட்டை, வாயில் கிளிப்.

"டப்பா மூடி திறக்கலம்மா. அதான்."

"வீட்டுல ஒரு ஸ்பூன் இல்லையா?"

"ஸ்பூனு வளஞ்சுடும்."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது? உளியைப் பிடுங்கிப் பார்த்தாள். முனையில் ஒரு சின்னப் பிசிறு. அதைச் சரிசெய்யவே ஒரு காலைப்பொழுது போய்விடும். "இவங்களோட குடித்தனம் நடத்தறதுக்கு நான் பேசாம காட்டுக்குப் போயி மரமாவே நின்னிருக்கலாம்" என்று வெங்காயத்தைத் தூக்கிச் சமையலறைக்குள் எறிந்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள் அவள். பல்செட் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை. மெழுகு, மாவு, சின்னச் சின்ன அரங்கள் இவற்றோடு பகல் போகும். சாயங்காலமும் விடுமுறை நாளும் மரத்துக்கு. பட்டறைக்காரி என்ற பேரை வீட்டுக்காரர்தான் கிண்டலுக்கு வைத்தார். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். கிண்டல் செய்தவருக்குத்தான் ஏமாற்றம். அவர் மருந்துக்கடையில் நிற்பவர். வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். அதனால் பட்டறை தொடங்கிய நாளிலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்: மரத்தூள் ஒரு துளிகூட வீட்டுக்குள் வரக்கூடாது. செய்வது, அறுப்பது, ராவுவது எல்லாம் வாசப்படிக்கு அந்தப் பக்கம். முடித்து, துடைத்து, ஊதித்தான் எதையும் உள்ளே கொண்டுவரலாம். நியாயமான சட்டம்தான். ஆனால் நியாயமான சட்டம் எப்படியெல்லாம் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பல்செட் வேலையில் ஒரு முறை உண்டு. செட்டை வாயில் வைத்து, நடுவே ஒரு நீலத்தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் ராவ வேண்டும். மறுபடி கடி, மறுபடி ராவு. எல்லாப் பல்லிலும் சமமாக நீலம் பட்டால் வேலை முடிந்தது. வருஷக்கணக்காக இதைச் செய்த கை, மரத்துக்கு வந்தபோதும் இதையே செய்தது. ஒரு ஸ்டூலை முடித்ததும், மேஜைக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே இருந்த ஒரே காலி இடத்தில் அதை நிறுத்துவாள். நான்கு காலுக்கும் அடியில் நீலத்தாள். நான்கிலும் நீலம் ஒட்டும்வரை அரத்தைக் கீழே வைக்கமாட்டாள். ஒரு காலில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கால் கதவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். பல்செட்டில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று குறி போடாமல் விட்டால் வம்பு; அந்தப் பழக்கம். சமம் பார்க்கும் ரசமட்டம் ஒன்று வாங்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, "என் கண்ண விடவா?" என்று கேட்டவள் அவள்.

இப்படிச் செய்த ஸ்டூல்களைத் தெரிந்தவர், சொந்தக்காரர் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள். வாங்கியவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அப்படி ஒரு ஸ்டூலில் ஏறித்தான் அவளுடைய அண்ணன் விழுந்தார்.

அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார், தனியாகச் சமைத்தார், சாயங்காலம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேரம் ஆடினார். மகன் வேறு ஊரில். யாரும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் தான் இல்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. சமையலறையில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினார். விழுந்தார். தொடை எலும்பு உடைந்து உள்ளே தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்து, தங்கச்சியைப் பார்த்து அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"பாப்பா, உன் ஸ்டூலு ஆடிடுச்சு."

பட்டறைக்காரிக்குச் சுருக்கென்றது. அண்ணன் விழுந்ததுகூட அப்போது இரண்டாம்பட்சமாகிவிட்டது. என் ஸ்டூலா? நீலத்தாள் வைத்து, நான்கு காலும் பார்த்து, அதற்கப்புறம் கொடுத்த என் ஸ்டூலா? அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஸ்டூலைத் தூக்கிவரச் செய்தாள். வீட்டுக்காரரையும், அடித்துப் பிடித்து ஓடிவந்திருந்த அண்ணன் மகனையும் பட்டறைக்கு வரச்சொன்னாள். வழக்கமான இடத்தில், பெருக்கல் குறி கதவைப் பார்க்க, ஸ்டூலை வைத்தாள்.

"ஏறுடா."

அண்ணன் மகன் ஏறினான். எட்டிப் பார்த்தான், குதித்தும் பார்த்தான். ஸ்டூல் அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது அத்தை."

"பாத்தீங்கல்ல? நான் செஞ்சது ஆடுமா?"

அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஸ்டூல் ஆடவில்லை என்றால் ஆடியது அண்ணன். டாக்டர் வந்து, "தலை சுத்துச்சா?" என்று கேட்டபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நின்றவர்கள் எல்லோரும், "ஆமா டாக்டர்" என்றார்கள். எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் வயசுதான் காரணம் என்று அதையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். அண்ணன் இன்னும் இரண்டொரு தடவை ஸ்டூலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். "சரிப்பா, சரிப்பா" என்று மகன் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினான். பிறகு அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

மகனுக்கு நல்ல மனசுதான், அதில்தான் தொல்லையே. "தலை சுத்தற மனுஷன எப்படி அத்தை தனியா விடறது? வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடட்டும்" என்றான். அண்ணனுக்கு அது ஆயுள் தண்டனை மாதிரி. மகன் வீட்டில் அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு டிவியும் கிடைக்கும்; சமைக்க விடமாட்டார்கள், தனியாக வெளியே போக விடமாட்டார்கள். "என் வீட்டுச் சாவி என் பையில இருக்கணும்டா" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கொஞ்ச காலம் தங்கச்சி வீட்டில் இருக்கட்டும். நடக்கப் பழக்கிவிடும் அம்மா ஒருத்தர் வந்து பயிற்சி கொடுப்பார். யாரும் கை கொடுக்காமல் தானாக உட்கார்ந்து தானாக எழுந்தால், தனியாக இருப்பதைப் பற்றிப் பேசலாம். எழ முடியாவிட்டால் மகனோடு போக வேண்டியதுதான்.

முன்னறையில் இருந்த சோபா, உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. "நல்லா உறுதியா, உயரமா, கைப்பிடி வெச்ச மர நாற்காலி ஒண்ணு இருந்தா நல்லது" என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டறைக்காரி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் செஞ்சு தரேன்."

கட்டிலிலிருந்து அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த நாற்காலியைச் செய்ய அவள் பட்ட பாடு இருக்கிறதே! காலையில் ரம்பம் எடுத்தால், துவைத்த சட்டையில் தூள் விழுகிறது என்று வீட்டுக்காரர் கத்துவார். மத்தியானம் எடுத்தால் அண்ணன் தூங்குகிறார். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கை ஓய்ந்துபோயிருக்கும், வெளிச்சமும் போதாது. பசை தடவி இரண்டு சட்டத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதை இறுக்கி வைக்கும் கிளாம்ப்பைத் தேடினால், கிளாம்ப் இருக்காது. ஒன்று அரிசி மூட்டையின் வாயைக் கவ்விக்கொண்டிருக்கும். இன்னொன்று ஜன்னல் திரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். பசை காய்ந்துகொண்டிருக்கும்போது அரிசி மூட்டையோடு மல்லுக்கு நிற்கிறவளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டுக்காரரைக் கேட்டால், "சும்மாதானே கெடந்துச்சு" என்பார். வீட்டுப் பட்டறையில் எந்தக் கருவி சும்மா கிடந்தாலும் அதற்கு உடனே வேறு உத்தியோகம் கொடுத்துவிடுவார்கள். போதாததற்கு அண்ணன் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "பாப்பா, ரம்பத்த அமுக்காத, அழுவுது பாரு" என்று முன்னறையிலிருந்து குரல் வரும்.

ஒருவழியாக முடித்தாள். காலியிடத்தில் வைத்து நீலத்தாள் பார்த்தாள். நான்கு காலிலும் நீலம். துடைத்து, ஊதி, முன்னறைக்குத் தூக்கிப் போனாள். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்துப் பார்த்து, "நல்லாருக்கே" என்றார். பட்டறைக்காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை முன்னால் கொண்டுவந்தார். இடுப்பு எழும்பும் நேரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, இது ஆடுது."

"எங்க ஆடுது? சும்மா இரு."

"எந்திரிக்கும்போது ஒரு பக்கம் சாயுது. தொடையில தகடு வெச்சிருக்கவனுக்குத் தெரியாதா?"

நாற்காலி பட்டறைக்குத் திரும்பியது. நீலத்தாள் வைத்தாள். நான்கு காலும் சமம். ஆனாலும் அண்ணனின் திருப்திக்காக இங்கே ஒரு இழை, அங்கே ஒரு இழை ராவி, மறுபடி சமம் பார்த்து, மறுபடி உள்ளே கொண்டுபோனாள். டொக். மறுபடி பட்டறை. மறுபடி டொக். இப்படி வாசப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கித் தூக்கி அவள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. நாற்காலி வேறு குட்டையாகிக்கொண்டே வந்தது.

"நாற்காலி சரியாத்தான் இருக்கு. உங்க வீட்டுத் தரைதான் கோணல். டைல்ஸ் போட்டவன் போட்ட லட்சணம் அப்படி" என்று வீட்டுக்காரர்மேல் பாய்ந்தாள்.

"பக்கத்துல நின்னு நான் போட வெச்ச தரை அது. ஒரு கோலி உருளாது" என்று அவரும் விடவில்லை. நாற்காலியைச் சமையலறையில் வைத்தார்கள், டொக். படுக்கையறையில் வைத்தார்கள், டொக். "பாரு, வீடு முழுக்கக் கோணல்" என்றாள் பட்டறைக்காரி. இப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகும் அவரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு இருவருக்கும் எரிச்சல்.

ஒருமுறை விழுந்தவர் அண்ணன். அடியில் ஏதாவது துளி அசைந்தாலும் உடம்பு முழுவதும் விறைத்துவிடும். பயிற்சி கொடுக்கும் அம்மா எதிரே நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் கையை ஊன்றுவார், டொக் என்றதும் உட்கார்ந்துவிடுவார். "கால்ல பலம் வந்துடுச்சு. பயம்தான் போகல" என்று அந்த அம்மா போகும்போது சொன்னார். சாயங்காலம் அண்ணன் மகன் போன் செய்தான்.

"அப்பாவால எந்திரிக்க முடியலையாமே? ஞாயித்துக்கிழமை வரேன் அத்தை. வந்து கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்காரி முன்னறைக்கு வந்தாள். அண்ணன் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்மேலா, நாற்காலிமேலா, வாளியைக் கொண்டுவந்து வைக்கிற புருஷன்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உனக்காக உசிர விட்டு செஞ்சேன். ஒரே ஒரு தடவ மனச திடம் பண்ணி எந்திரிச்சிருந்தா உன் வீட்டுக்குப் போயிருக்கலாம். கெடுத்துட்டியே!"

"ஆடுது பாப்பா."

"நாற்காலி ஆடல அண்ணா. நீதான் ஆடற. அன்னிக்கு ஸ்டூல்லயும் நீதான் ஆடின!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அண்ணன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் தொங்கிப்போய்விட்டது.

"சரிம்மா. எல்லாரும் சொல்றீங்க. அப்படித்தான் இருக்கும்போல. நான் அவன்கூடவே போயிடறேன்."

சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒத்துக்கொண்டது அவளைக் கொன்றது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் வீட்டுக்காரர் அண்ணனின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வழக்கம்போல மேஜைமேல் வாளி. இந்த முறை இடம் போதாமல், ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பழைய ஸ்டூலையும் யாரோ காலியிடத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதன்மேல் உட்கார்ந்தாள்.

டொக்.

டீ கையில் சிந்தியது. அவள் அசைந்து பார்த்தாள். டொக், டொக். எழுந்து குனிந்து பார்த்தாள். பெருக்கல் குறி கதவைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. குறியைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்து அமுக்கினாள். கல்லு. மறுபடி திருப்பினாள். டொக். இன்னொரு பக்கம் திருப்பினாள். டொக். கதவைப் பார்த்தால் மட்டும் கல்லு.

"என்னங்க! இந்த ஸ்டூல யாரு நகத்தினது?"

"நான்தாம்மா. வாளி வெக்க வழியில்ல, சும்மா தள்ளிப் போட்டேன். அதுக்கும் சண்டையா?" என்று அவர் பையும் கையுமாக வந்து நின்றார்.

அவள் வாளியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றினாள். தண்ணீர் பரவவில்லை. நாலா பக்கமிருந்தும் கூடி, ஒரு ஓரத்துக்கு ஓடி, அங்கே போட்டிருந்த ரப்பர் விரிப்புக்கு அடியில் நுழைந்து, பழைய சாக்கடைத் துளையில் களகளவென்று இறங்கியது.

"துவைக்கிற இடமாச்சே, தண்ணி நிக்கக்கூடாதுல்ல" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "கொத்தனார்கிட்ட சொல்லி வாட்டம் வெக்க வெச்சதே நான்தான். என்ன அழகா ஓடுது பாத்தியா?"

அழகாகத்தான் ஓடியது. சும்மா ஒரு பக்கம் சரிந்த தரையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான்கு காலும் சேர்ந்து சாய்ந்து நின்றிருக்கும். இது எல்லாப் பக்கமிருந்தும் துளையை நோக்கிக் குழிந்த தரை. அந்தக் காலியிடத்தில் எதை வைத்தாலும் அதன் ஒரு கால் மட்டும் பள்ளத்தில் நிற்கும். அந்தக் கால் தரையைத் தொடும்வரை மற்ற மூன்று காலையும் அவள் ராவியிருக்கிறாள். ஸ்டூல் ஸ்டூலாக ராவியிருக்கிறாள். சமமான தரையில் கொண்டுபோய் வைத்தால் ஆடாமல் என்ன செய்யும்? நீலத்தாள் பொய் சொல்லவில்லை. இந்தத் தரைக்கு அது சமம் என்றுதான் சொன்னது. கேட்டவளுக்குத்தான் மூளை இல்லை. மூன்று பக்கம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், அண்ணன் விழுந்த அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளோ ஊரைக் கூட்டி வைத்து, குறியைக் கதவுப் பக்கம் திருப்பி, அண்ணனைப் பொய்யனாக்கினாள். அவளுக்கு அழுகையும் வந்தது, தன் கன்னத்திலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

முன்னறையில் அண்ணன் கட்டில் ஓரத்தில் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா," என்றாள். "ஸ்டூலு ஆடுது."

"ம்."

"நாற்காலியும் ஆடுது. தப்பு என்மேல. பட்டறைத் தரை குழி."

ஒரு பாட்டம் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"எனக்கெதுக்கு சொல்ற? எனக்குத் தெரியும். அவன் வரான்ல, அவன்கிட்ட சொல்லு."

அண்ணன் மகன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமைதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதே பொறுமையோடுதானே அன்றைக்கு அண்ணனையும் கேட்டான்!

"புரியுது அத்தை. அப்பா போறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. அதுக்காக இப்படியெல்லாம் சொல்லணும்னு இல்ல."

பட்டறைக்காரி பட்டறைக்குப் போனாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துடைக்கவில்லை, ஊதவில்லை. வழியெல்லாம் தூள் கொட்டியது. வீட்டுக்காரர் வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில், விளக்குக்கு நேர் கீழே ஸ்டூலை வைத்தாள்.

"ஏறு."

"அன்னிக்கே ஏறிப் பாத்தேனே அத்தை."

"அது பட்டறை. இது வீடு. ஏறி, அந்த பல்பத் தொடு."

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். ஒரு கையை உயர்த்தினான். பல்பு எட்டவில்லை, நுனிக்காலில் எக்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்தான். டொக். அவன் "ஐயோ!" என்று ஜன்னல் திரையைப் பிடித்தான். திரை, கம்பி, கம்பி மாட்டிய ஆணி எல்லாம் சுவரை விட்டு வந்து அவனோடு சேர்ந்து இறங்கின. நல்லவேளை, இளம் வயசு. சோபாவில் போய் விழுந்தான்.

"என் கர்ட்டன்!" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் மகன் திரையிலிருந்து தலையை வெளியே எடுத்தான். முகம் வெளுத்திருந்தது. கட்டிலிலிருந்து அண்ணன் அவனைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"தலை சுத்துச்சாடா?"

எழுந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி, "இல்லப்பா" என்றான். அப்புறம் பட்டறைக்காரியிடம், "நாற்காலிய இந்தத் தரையிலயே வெச்சு சரி பண்ணுங்க அத்தை. அப்பா எந்திரிக்கட்டும். எந்திரிச்சதும் அவரு வீட்டுக்கே போகட்டும். நான் கூட்டிட்டுப் போகல" என்றான். பையிலிருந்து சட்டைகளை அவனே எடுத்து வெளியே வைத்தான்.

பட்டறைக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த நொடியே நின்றது. மற்ற ஸ்டூல்கள்! யார் யார் வீட்டிலோ, எந்தெந்தப் பல்புக்குக் கீழேயோ! போனைப் பாய்ந்து எடுத்து முதலில் வீட்டுக்காரரின் தங்கையைக் கூப்பிட்டாள்.

"நான் குடுத்த ஸ்டூல்ல ஏறாத! அது ஆடும்!"

"ஓ, அதுவா அண்ணி? அதுக்கு அட்டைய மடிச்சு வெச்சு ரொம்ப நாளாச்சே. வாங்கினன்னிக்கே ஆடிச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஆசையா செஞ்சு குடுத்தீங்க. எப்படி அண்ணி சொல்றது? எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன்."

பட்டறைக்காரி திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மும்முரமாகத் திரையை மடித்துக்கொண்டிருந்தார். அவள் பல்செட் கூடத்தில் கூட வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டாள். அங்கே பாட்டில் மூடி வைத்திருந்தார்கள். எதிர்வீட்டில் பழைய செருப்பைத் துண்டாக வெட்டி ஆணியடித்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் ஆஹா என்று சொல்லிவிட்டு, அவள் போனதும் குனிந்து காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவள் போனைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

"இத்தன பேருல ஒருத்தருக்காவது வாயத் தொறந்து சொல்லணும்னு தோணலையா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேரா ஆடுதுன்னு சொல்லியிருந்தா..."

"நான் சொன்னேன் பாப்பா" என்றார் அண்ணன்.